சீமைக் கருவேல நெற்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

மரத்தில் மஞ்சளாக முற்றி, தொட்டதும் கையோடு வரும் நெற்றுகளையே பறியுங்கள். தரையில் கிடப்பவற்றில் வண்டு புகுந்திருக்கும். தோலில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளை தெரிந்தால் உள்ளே விதை இருக்காது, மாவுதான் இருக்கும். ஒரே மரத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. இந்த மரம் பெரும்பாலும் அயல் மகரந்தத்தில்தான் காய்க்கும் என்பதால், விதையில் முளைத்த ஒவ்வொன்றும் ஒரு விதம். ஐந்து மரங்களிலாவது, மரத்துக்குப் பத்து நெற்று வீதம் தனித்தனிப் பைகளில் எடுங்கள். நீளம் பெரும்பாலும் 10 முதல் 30 செ.மீ., அகலம் ஒரு செ.மீ. அல்லது சற்று மேல். சில நேராக இருக்கும், சில அரிவாளாக வளையும். ஒன்று தித்திக்கும், பக்கத்து மரத்துக் காய் துவர்க்கும்.

அடுத்து வெயில். சதையில் சர்க்கரை மிகுதி, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நெற்று வளையுமே தவிர ஒடியாது. மடக்கினால் ‘பட்’டென்று ஒடியும்வரை காயவையுங்கள். ஈரத்தோடு அரைவையில் போட்டால் சர்க்கரை இளகி இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும்.

காய்ந்த நெற்றின் ஓரத்தில் கத்தியால் நீளவாக்கில் கீறுங்கள். இது முற்றினாலும் தானாக வெடிக்காத காய். மேலே மெல்லிய தோல், அதன் அடியில் பஞ்சு போன்ற இனிப்புச் சதை. அதற்குள் விதைக்கு ஒன்றாக, வரிசையாகக் கெட்டியான உள்ளோட்டு அறைகள். எடையில் தோலும் சதையும் பாதிக்குச் சற்று மேல், உள்ளோடு மூன்றில் ஒரு பங்கு, விதை பத்தில் ஒரு பங்கு அளவே. கிலோ நெற்றில் 100 கிராம் விதை கிடைத்தால் திருப்திப்படலாம்.

உள்ளோட்டைப் பிரிப்பதுதான் சிரமம். சுத்தியலால் தட்டினால் விதையும் நசுங்கும். அறையின் ஓரத்தை நகவெட்டியால் நறுக்கித் திறங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில், தட்டையாக, 5 முதல் 7 மி.மீ. நீளத்தில் பளபளப்பான விதை. இரு முகத்திலும் லாட வடிவில் ஒரு மெல்லிய கோடு ஓடும்.

விதையுறை நீர் புகாதது. அப்படியே ஊறப்போட்டால் பெரும்பாலான விதைகள் மறுநாளும் கல்லாகவே கிடக்கும். விதைக்காம்பு ஒட்டியிருந்த முனையில் முளைவேர் இருப்பதால் அதைத் தொடாமல், எதிர்முனையில் உறையை மட்டும் துளி நறுக்கி ஒரு நாள் ஊறவையுங்கள். ஊதிய விதையைப் பிதுக்கினால் மஞ்சள் பருப்பும், அதன் இருபுறமும் கண்ணாடி போன்ற வழவழப்பான பிசின் ஏடும் தனித்தனியாக வரும். நிறைய விதை என்றால் கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் கொட்டி இரவு முழுக்க விடலாம். அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் கரு வெந்துவிடும்.

பிற இனங்களோடு குழம்ப வேண்டாம். நாட்டுக் கருவேலில் ஒவ்வொரு விதைக்கும் இடையே காய் ஒடுங்கி, மணி கோத்தது போலிருக்கும். மேலே சாம்பல் பூத்த மென்மயிர். வன்னிக்காய் மெலிந்து உருண்டது. அமெரிக்கப் பாலைவனத்தில் திருகாணி போல இறுக்கமாகச் சுருண்ட காய் காய்க்கும் உறவு இனமும் உண்டு. சீமைக் கருவேலும் வன்னியும் சேர்ந்திருந்த பழைய புரோசோபிஸ் பேரினத்தை 2022-ல் ஆய்வாளர்கள் பிரித்துவிட்டார்கள். வன்னி அதிலேயே நிற்க, சீமைக் கருவேல் நெல்டுமா என்ற பேரினத்துக்குப் போனது.

தீவனத்துக்கு என்றால் விதையும் உடையும்படி அரைத்தே கொடுங்கள். முழு நெற்றைத் தின்ற மாட்டின் சாணத்தில் விதை உயிரோடு வெளிவந்து, மேய்ந்த இடமெல்லாம் முளைக்கும். நெற்றையே முழுத் தீவனமாக்கினால் மாட்டின் தாடையும் நாக்கும் செயலிழக்கும் நோய் வரலாம். மற்ற தீவனத்தோடு ஐந்தில் ஒரு பங்குக்குள் வையுங்கள். சோதித்து மிஞ்சிய விதைகளைக் குப்பையில் கொட்டாமல் அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள்.