ரோஸ்மேரியில் பூச்சி: மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ரோஸ்மேரி இலையின் அடிப்பக்கம் இயல்பிலேயே வெள்ளைதான். மெல்லிய ரோமம் அப்பியிருக்கும். இரண்டு ஓரமும் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். இதை மாவுப்பூச்சி என்று நினைத்து, நன்றாக இருக்கிற செடிக்கு மருந்தடிப்பவர்கள் நிறைய. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நசுங்கி ஈரம் கசிந்தால்தான் பூச்சி.

அந்தச் சுருண்ட ஓரம்தான் பூச்சிகளுக்கு ஒளிவிடம். மேலிருந்து எவ்வளவு அடித்தாலும் மருந்து அங்கே போகாது. எந்தக் கரைசலானாலும் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும்.

நம் ஊர் மாடித்தோட்டங்களில் அதிகம் படுத்துவது செம்பேன். நீலகிரிக் குளிரில் செழிக்கும் செடியைச் சமவெளி மாடியில் வைக்கும்போது, கோடையின் வறண்ட சூட்டில் இது கிடுகிடுவென்று பெருகும். முதலில் இலை மேல் ஊசி குத்தியது போல வெளிர் புள்ளிகள் வரும். பிறகு பச்சை மங்கிச் செம்பு நிறமாகும். நுனிகளுக்கிடையே நூலாம்படை தெரிந்தால் தாக்குதல் முற்றிவிட்டது. சந்தேகமாக இருந்தால் ஒரு கிளையின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த துகள்கள் ஊர்ந்தால் பேன்தான்.

தொட்டி மண்ணைப் பாலிதீன் தாளால் மூடி, தொட்டியைச் சாய்த்து, இலைகளின் அடியில் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். மண்ணை மூடாவிட்டால் வேர் ஊறிப்போகும். பாதிப் பேன்கள் இதிலேயே போய்விடும். மறுநாள் மாலை வேப்ப எண்ணெய் அடிக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு எண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி. சோப்பையும் எண்ணெயையும் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் அடித்துக் கலக்கி, பால் போல வெளுத்த பிறகே மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். எண்ணெய் தனியாக மிதந்தால் அது படிந்த இடமெல்லாம் இலை கருகும். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். அதிலுள்ள டிடர்ஜென்ட் இலையைச் சுடும். ஒரு கிளையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் போங்கள். வாடி நிற்கும் செடிக்கு அடிக்காதீர்கள். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஒரு தடவையோடு நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. முட்டைகள் தப்பிவிடும், வெயில் காலத்தில் அவை ஒரு வாரத்துக்குள் வளர்ந்த பேனாகிவிடும். 5 நாள் இடைவெளியில் 3 முறை அடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூள் (wettable sulphur), லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியை வாங்கி ஊற்றாதீர்கள். செம்பேன் பூச்சியினம் அல்ல, எட்டுக் கால் சிலந்தியினம். அந்த மருந்துக்கு அது சாகாது. சாப்பிடவும் தலைக்குத் தேய்க்கவும் வளர்க்கும் செடிக்குள் நஞ்சை ஏற்றியதுதான் மிச்சம்.

மாவுப்பூச்சி கிளை கவட்டில் பஞ்சுப் பொட்டாக உட்காரும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். தண்டில் பழுப்பாக ஒட்டியிருக்கும் செதில் பூச்சிக்கும் இதே வைத்தியம்தான். செடியில் எறும்பு ஏறி இறங்கினால் அதையும் தடுக்க வேண்டும்; தேன்போன்ற கழிவுக்காக இந்தப் பூச்சிகளைக் காவல் காப்பதே எறும்புதான். காரணம் தெரியாமல் செடி தேங்கி நின்றால் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள், அங்கும் மாவுப்பூச்சி இருக்கலாம்.

அசுவினி பெரும்பாலும் இளந்தளிரில்தான் மொய்க்கும். நீரைப் பீய்ச்சினால் போதும். யூரியா போன்ற தழைச்சத்தைக் குறையுங்கள். தட்டியதும் பறக்கிற வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டி, வேப்ப எண்ணெயும் அடியுங்கள்.

அடி இலைகள் கருத்து உதிர்ந்து, மண் எப்போதும் ஈரமாக இருந்தால் அது வேரழுகல். எந்தப் பூச்சிமருந்தும் உதவாது. அழுகிய வேரை வெட்டிவிட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணுக்கு மாற்றுங்கள். மேல் மண் 2 அங்குலம் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

பூத்திருக்கும்போது தேனீக்கள் திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்துதான் அடிக்க வேண்டும். கடைசியாக மருந்தடித்து ஒரு வாரம் கழித்துப் பறித்து, ஓடும் தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.