மூச்சு தயார், முழங்கால் தயாரில்லை: உடற்பயிற்சி தொடங்கும்போது நேரும் தவறுகள்

நான் உடற்பயிற்சியைத் தொடங்கிய முதல் நாளே 100 ஸ்குவாட் (முழங்காலை மடக்கிக் கீழே இறங்கி எழுவது) செய்தேன். செய்யும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தொடையில் வலி தொடங்கியது. அதற்கு மறுநாள் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடியவில்லை. வலி போக ஐந்து நாள் ஆயிற்று. மறுபடி தொடங்க மூன்று மாதம் ஆயிற்று. எனக்கு அந்த மூன்று மாதம்தான் பெரிய நஷ்டம்.

இப்படி வரும் வலிக்கு, உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்குவதுதான் காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஆனால் பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். இரண்டாம் நாள் வலிக்கு வேறு காரணம் இருக்கிறது. பழக்கமில்லாத வேலையைச் செய்யும்போது, அதுவும் தசை நீண்டபடியே சுமையைத் தாங்கும்போது, நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஸ்குவாட்டில் கீழே இறங்குவதும் சரிவில் இறங்கி நடப்பதும் இந்த வகை. உடல் அந்தச் சேதத்தைச் சரிசெய்யும்போது வலிக்கிறது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும். ஒரு நல்ல செய்தி: அதே பயிற்சியை இரண்டு வாரம் கழித்துச் செய்தால் வலி மிகவும் குறைந்துவிடும். முதல் முறை 10 மட்டும் செய்திருந்தாலும் இந்தப் பாதுகாப்பில் நல்ல பங்கு கிடைத்துவிடும். வலித்தால்தான் பலன் என்று நினைக்கவே வேண்டாம். வலி தாங்க முடியாமல் தசை வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கலாம்.

முதல் நாள் அவசரத்தைப் பலரும் எச்சரிக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது வார அவசரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உண்மையில் அதுதான் பலரைப் படுக்க வைக்கிறது. உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. சில வாரங்களிலேயே இதயமும் மூச்சும் தேறிவிடும். பலமும் சீக்கிரமே கூடியதுபோல் இருக்கும். தசை வளர்வதற்கு முன்பே, இருக்கும் தசையை நன்றாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வரும் பலம் அது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று தூரத்தைச் சட்டென்று இரட்டிப்பாக்கினால் முழங்கால், குதிகால், கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பு என்று ஏதாவது ஒன்று வலிக்கத் தொடங்கும். அதனால் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் நேரம், அப்புறம் வேகம். இரண்டையும் சேர்த்துக் கூட்டவே வேண்டாம்.

எந்த வேகம் சரி என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான பயிற்சி என்பது அவ்வளவுதான்.

இன்னொரு தவறு, பெரிய எண்ணைப் பார்த்து மலைத்துப்போவது. தினமும் 10,000 அடி என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவியின் பெயரிலிருந்து பரவியது. அதைத் தொடவில்லையே என்று யாரும் சோர்ந்துபோக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. முன்பு தொடர்ச்சியாக 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-இல் அந்த நிபந்தனையும் நீங்கிவிட்டது. ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். 150 என்பது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் வாரமே அங்கே நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதே பரிந்துரையில் வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் உண்டு. நடைமட்டும் போதும் என்று இருப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும், தொடங்கிவிடலாம். சிரமமான கட்டத்தில் மூச்சை அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தள்ளும்போதும் எழும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். உடல் சூடாவதற்கு முன் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தேவையில்லை; முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தால் சரி.

தினமும் எடை பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எடை கொஞ்சம் ஏறக்கூடும். பழுதான தசையும், அது சேமிக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கொழுப்பு கூடிவிட்டது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். வழக்கமாக ஏறும் படியில் இப்போது எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள், அதில் மாற்றம் முதலில் தெரியும்.

இதய நோய், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் யாராக இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்ததில், ஒரு செயல் பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் மறுநாள் வழக்கம்போலச் செய்யுங்கள், விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று வாரம் நின்றுபோயிருந்தால், நிறுத்துவதற்கு முன் செய்த அளவில் பாதியிலிருந்து மெதுவாக ஏறுங்கள்.