பிள்ளை தமிழைத் தானாகவே விரும்பிப் படிக்க

வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் புழங்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பில் ஆர்வமூட்ட விரும்பும் பெற்றோர், பரிசு தருவதாக வாக்களிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே விருப்பத்துடன் படம் வரைந்துவந்த பாலர் பள்ளிப் பிள்ளைகளில், பரிசு உண்டென்று முன்கூட்டியே அறிந்து வரைந்தவர்கள் பிறகு ஓய்வு நேரத்தில் குறைவாகவே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை.

தன் விருப்பப்படி செயல்படுதல், திறமை வளர்வதை உணர்தல், பிறருடன் நெருக்கம் ஆகிய மூன்றுமே, பரிசுக்காக அன்றிச் சொந்த விருப்பத்தால் எழும் உள்ளார்ந்த ஊக்கத்தைத் தாங்குகின்றன என்பது உளவியலாளர்கள் டெசி, ரயன் ஆகியோரின் கோட்பாடு. இவற்றுள் முதலாவதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து. ஆகவே வட்டார நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அது வயதுக்கு மிக எளிய படக்கதையாக இருந்தாலும் தடுக்காதீர்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்காகக் கட்டாயம் எழுதவேண்டிய பயிற்சி என்றால், அதன் காரணத்தை விளக்கி, பிள்ளையின் சலிப்பையும் காதுகொடுத்துக் கேட்டு, எப்போது எழுதுவது என்பதையாவது அவரிடமே விட்டுவிடுங்கள்.

பாராட்டும்போது, "கெட்டிக்காரி" என்பதைவிட, "இந்தப் பத்தியைத் திணறாமல் வாசித்தாய்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியிடம் வாசித்துக் காட்டும் வாய்ப்பையும் ஏற்படுத்துங்கள்.