பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க: கோரா ஸ்டூவர்ட்டிடம் நான் பிடித்துக்கொண்ட வழி

முதல் நாளே தப்புச் செய்தேன். எங்கள் ஊர்ப் பள்ளித் திண்ணையில் சாயங்கால வகுப்புக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். நான் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து "அ, அணில்" என்று ஆரம்பித்தேன். அறுபது தாண்டிய பெரியம்மா ஒருத்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏத்தா, அணிலை எனக்குத் தெரியாதா?" என்றார். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் நாலு பேர்தான்.

நான் செய்த தப்பை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுகொண்ட ஒருவர் அமெரிக்காவில் இருந்தார் என்று பிறகுதான் படித்தேன். பெயர் கோரா வில்சன் ஸ்டூவர்ட். 1875இல் பிறந்தவர். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் ரோவன் கவுண்டி என்று ஒன்று. நம் வட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தலைமையூர் மோர்ஹெட். அந்தக் கவுண்டியின் எல்லாப் பள்ளிகளுக்கும் கண்காணிப்பாளர் என்பது அப்போது அங்கே தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டிய பதவி. கோரா 1901இல் ஜெயித்தார், 1909இல் மறுபடியும் ஜெயித்தார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வந்ததே 1920இல்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அவர் வழியை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். நம் ஊருக்கு எது ஒத்துவந்ததோ அதைச் சொல்கிறேன்.

வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒவ்வொருவருக்கும் எழுத்து எதற்கு வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோராவின் மனத்தைக் கிளறியவர்கள் மூன்று பேர். ஒரு தாய், மகள் சிகாகோவிலிருந்து எழுதும் கடிதங்களைப் படித்துக் காட்டச் சொல்லி மலையிலிருந்து கோராவின் அலுவலகத்துக்கு வருவார். கொஞ்ச நாள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது, இனிமேல் நானே படித்துக்கொள்வேன் என்றார். ஓடையில் வெள்ளம் வந்தால் வர முடிவதில்லை, கோராவும் சில நாள் ஊரில் இருப்பதில்லை என்று ஓர் எழுத்துப் புத்தகம் வாங்கித் தானே உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டாராம். இரண்டாமவர் நடுவயது ஆண். அலுவலகத்திலிருந்த புத்தகங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டதும், படிக்கத் தெரியாது என்று கண் கலங்கிவிட்டார். மூன்றாமவர் இளைஞர், சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர். எழுதிவைக்கத் தெரியாததால் நல்ல பாட்டெல்லாம் மறந்தே போயிற்று என்றார்.

மூவரில் யாருக்கும் வேண்டியது 'கல்வி' இல்லை. ஒருவருக்குக் கடிதம், ஒருவருக்குப் புத்தகம், ஒருவருக்குப் பாட்டு. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்கள்: பஸ் போர்டு, செல்போனில் பேர் பார்த்து எடுப்பது, பேங்கில் சலான் நிரப்ப இன்னொருத்தரைக் கெஞ்சாமல் இருப்பது. ஒரு அத்தை மட்டும் "சும்மாதான்" என்றார். அவருக்கு எதற்கு வேண்டும் என்பது கடைசியில்தான் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டீஸ் ஒட்டி ஆள் சேர்க்கப் பார்க்காதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு நோட்டீஸ் ஒட்டி என்ன பிரயோஜனம்? (நான் ஒட்டினேன். சிரிக்காதீர்கள்.) கோராவின் ஆசிரியர்கள் 1911 செப்டம்பர் 4, தொழிலாளர் தின விடுமுறையன்று, வீடு வீடாக ஏறி இறங்கிக் கூப்பிட்டார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் அதே ஆசிரியர்கள்தான் ராத்திரி சம்பளமில்லாமல் பெரியவர்களுக்கும் நடத்துவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் 5ஆம் தேதி ராத்திரி, மொத்தமாக 150 பேர் வந்தாலே பெரிது என்று கோரா நினைத்திருந்தார். வந்தவர்கள் 1,200 பேர். பதினெட்டு வயசு முதல் எண்பத்தாறு வயசு வரை!

நேரம் குறிப்பதில் அவர் கெட்டிக்காரர். பகலில் எல்லாருக்கும் காட்டு வேலை. ராத்திரி என்றால் மலைப்பாதை, ஓடை, பாலம் கிடையாது, விளக்கும் கிடையாது. 1880களில் இரு கோஷ்டிகள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்ட கவுண்டி வேறு. அதனால் நிலா வெளிச்சம் இருக்கும் ராத்திரிகளில் பள்ளியை வைத்தார். 'நிலா வெளிச்சப் பள்ளி' என்று பெயர் வந்தது இதனால்தான், கவிதைக்காக வைத்த பெயர் அல்ல. உங்கள் ஊர் 'நிலா' எது என்று பாருங்கள். எங்கள் ஊரில் ஆறரை மணிக்குத் தண்ணீர் வரும், எட்டு மணிக்குச் சீரியல். ஏழிலிருந்து எட்டுக்குள் முடித்தால் ஆள் நிற்கும். நாற்று நடவு சமயத்தில் வகுப்பே வைக்காதீர்கள்.

அடுத்தது பாடம். கோரா குழந்தைகள் புத்தகத்தைத் தொடவே இல்லை. பெரியவர்களுக்கென்று சின்னதாக ஒரு செய்தித்தாள் அச்சிட்டார். சின்னச் சின்ன வாக்கியம், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், ஆனால் சங்கதி எல்லாம் அவர்கள் ஊர்ச் சங்கதி. யார் கையிலாவது பார்த்தால் பத்திரிகை படிக்கிறார் என்றுதான் தோன்றும், பாடம் படிக்கிறார் என்று தோன்றாது. இதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது என்பது என் எண்ணம். பெரியவர்களுக்கு எழுத்து கஷ்டமில்லை, கூச்சம்தான் கஷ்டம். 1915 முதல் அவர் எழுதிய பாடப்புத்தகங்களிலும் சாலை, வரி, பழமரம், சமையல் என்று வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டியதே பாடம்.

நான் செய்வது இது: ஒரு ஏ4 தாளில் வாரம் ஐந்தே வரி, பெரிய எழுத்தில். 'பாட்டி வீட்டு மாடு கன்று போட்டது.' 'பட்டா மாற்ற முகாம் உண்டு.' ஜெராக்ஸ் எடுத்தால் பத்துப் பேருக்கு இருபது ரூபாய்க்குள் முடியும். யார் வீட்டுச் செய்தி என்றாலும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒருமுறை கேட்காமல் ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பெண் பார்த்த செய்தியைப் போட்டுவிட்டு நான் வாங்கிய வசவு இங்கே எழுதத் தக்கதல்ல.

எழுதப் பழக்குவதற்குக் கோரா வைத்திருந்தது எழுத்துகள் பள்ளமாக அழுந்திய தாள். அந்தப் பள்ளத்திலேயே பென்சிலை ஓட்டி ஓட்டிக் கை பழகும். முதலில் எழுதுவது சொந்தப் பெயர். மண்வெட்டி பிடித்த கைக்குப் பென்சில் எவ்வளவு அந்நியம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நான் தடிமனான அட்டையில், மை தீர்ந்த பேனாவால் அவரவர் பெயரை அழுத்திக் கீறிக் கொடுக்கிறேன். கைக்குச் சிக்கும். பெயர் வந்தபிறகு ட, ப என்று கோடு கோடாக வரும் எழுத்துகள், அப்புறம் ம. படம், பட்டம், மடம் என்று மூன்று எழுத்திலேயே வார்த்தைகள் வந்துவிடும். அ, ஆ வரிசையைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஔ தெரியாமல் யாரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

ஒரு பட்டியல் வையுங்கள். 1913இல் கோரா, கவுண்டியில் எழுதப் படிக்கத் தெரியாத ஒவ்வொருவர் பெயரையும் எடுத்து, ஆளைப் பற்றிய விவரமும் குறித்துவைத்தார். மொத்தம் 1,152 பேர். படித்தவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு. வகுப்புக்கு வர முடியாதவருக்கு வீட்டிலேயே பாடம். முடிவில் மீந்தவர்கள் 23 பேர் என்று அவர் கணக்குச் சொல்கிறார்: பார்வை இல்லாதவர் அல்லது மங்கியவர் 6, படுத்த படுக்கை 5, மனவளர்ச்சிக் குறை உள்ளவர் 6, அப்போதுதான் கவுண்டிக்குக் குடிவந்தவர் 2, மாட்டவே மாட்டேன் என்றவர் 4. இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன், தன் வேலைக்குத் தானே போட்ட மார்க் ஆயிற்றே. ஆனால் அந்த நாலு பேரை மறைக்காமல் எழுதியது பிடித்திருந்தது.

பார்வை இல்லாத, மங்கிய அந்த ஆறு பேரைப் பார்த்துத்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. எங்கள் வகுப்பில் மூன்று பேருக்கு எழுத்து 'ஏறவே இல்லை'. மண்டையில் ஏறாமல் இல்லை, வெள்ளெழுத்து! கண் முகாமில் கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் ஒருவர் இரண்டே வாரத்தில் மற்றவர்களைப் பிடித்துவிட்டார். நாற்பது தாண்டியவர் என்றால் புத்தகத்துக்கு முன்னால் கண்ணாடி.

கோராவுக்கு வாழ்க்கை சுலபமாக இருக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த மகன் இறந்தான், மணவாழ்க்கை முறிந்தது. 1914இல் எழுத்தறிவின்மையை ஒழிக்க ஓர் ஆணையத்தைக் கென்டக்கி அரசு அமைத்தது, 1920இல் அது முடிந்தது. கடைசிக் காலத்தில் கண்பார்வையே போய், 1958இல் வட கரோலினாவில் இறந்தார். ஊருக்கே படிக்கக் கற்றுக்கொடுத்தவர் தான் படிக்க முடியாமல் இருந்த வருஷங்களைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை, யோசித்தால் தூக்கம் வராது.

படித்து முடித்ததற்குப் பரீட்சை வைக்க வேண்டாம். கோரா தன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பச் சொன்னார், எழுதியவர்களுக்கு ஒரு பைபிள் பரிசு. நானும் ஐம்பது காசு அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்தேன். "சும்மாதான்" என்ற அத்தை அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் எழுதிக்கொண்டுவந்தது பெட்டிக்கடைக் கடன் கணக்கு: சீனி, தேயிலை, சோப்பு, தேதி வாரியாக. கடைக்காரர் நோட்டோடு ஒப்பிட்டதில் நூற்றுப் பத்து ரூபாய் வித்தியாசம். மறுநாள் சாயங்காலம் வகுப்புக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் அணில் பெரியம்மா.