டேனிஷில் ‘தாங்குவது’, ஆங்கிலத்தில் எங்கே தவறுகிறது?

டேனிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்கள் ‘டோலெ’ என்ற வினையைக் கண்டதும் ‘டாலரேட்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். டோலெ பல இடங்களில் மனதின் பொறுமையைச் சொல்வதில்லை. ஓர் உடம்போ பொருளோ எதைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது.

ஒருவருக்கு வேர்க்கடலை ‘டோலெ’ ஆகாது என்றால், நம் பேச்சில் அது ‘ஒத்துக்காது’. இதை ஆங்கிலத்தில் ‘கான்ட் ஸ்டாண்ட்’ என்று எழுதினால் ‘பிடிக்காது’ ஆகிவிடும். உணவகச் சமையலறைக்குப் போகும் குறிப்பில் இந்தப் பிழை உயிரோடு விளையாடுவது. அலர்ஜியா, வெறும் செரிமானக் கோளாறா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். தட்டின் அடியில் இதே வினை வந்தால் ‘டிஷ்வாஷர் சேஃப்’ போதும். ஒரு விஷயம் தாமதத்தை ‘டோலெ’ செய்யாது என்று வந்தால், அது அவசரம் என்று பொருள்.

உண்மையில் ‘கான்ட் ஸ்டாண்ட்’ பொருந்துவது ‘ஃபோத்ராவெ’க்கு. இந்தச் சொல் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். ‘உத்ஸ்டோ’வும் அப்படியே எரிச்சலைச் சொல்லும், ஆனால் தண்டனையோடு சேர்ந்தால் சிறைத்தண்டனையை அனுபவிப்பது, அதாவது ‘சர்வ்’.

‘ஃபின்னெ சை ஈ’ தான் அதிகம் காலை வாருவது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தன்னை அதற்குள் காண்பது’. அப்படியே ஆங்கிலமாக்கினால் ஏதோ ஒரு நிலையில் மாட்டிக்கொண்டதுபோல ஆகும். உண்மைப் பொருள், எதிர்க்காமல் பொறுத்துப்போவது: ‘புட் அப் வித்’. மறுப்போடு வரும்போது அதில் கோபம் இருக்கிறது, ‘இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்’ என்ற தொனி. அங்கே ‘என்டியூர்’ போட்டால் அந்தக் கோபம் காணாமல் போய்விடும்.

‘ஹொலெ உத்’ காலத்தோடு சேர்ந்த சொல், கடைசிவரை தாக்குப்பிடிப்பது. கட்டளையாக வந்தால் ‘ஹேங் இன் தேர்’. ‘ஹோல்ட் அவுட்’ என்று எல்லா இடத்திலும் போட்டால், பல வாக்கியங்களில் கையை நீட்டுவதாகிவிடும்.

சட்ட ஆவணங்களில் இன்னும் கவனம் வேண்டும். டென்மார்க்கில் ‘டோல்ட் ஒப்ஹோல்’ என்றொரு நிலை உண்டு. நாட்டில் தங்கும் உரிமை இல்லாதவர், ஆனால் திருப்பி அனுப்பினால் சித்திரவதையோ மரணமோ நேரக்கூடும் என்பதால் அனுப்ப முடியாதவர், அந்த நிலையில் இருப்பார். ஆங்கிலத்தில் ‘டாலரேட்டட் ஸ்டே’ என்பதே வழக்கு. இங்கே மட்டும் அகராதியின் முதல் சொல் சரி. ‘ரெசிடென்ஸ் பெர்மிட்’ என்று எழுதினால், அவரிடம் இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டிவிடுவீர்கள்.