மத்தியானம் மட்டும் வளைந்த குழாய்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டுக் கொல்லையில் பையனின் ஸ்கேட்போர்டு சறுக்கிப் போக ஒரு ரெயில் (சறுக்குத் தண்டு) செய்தேன். வேப்பம்பலகை மேல் 3 மீட்டர் பிவிசி குழாய், இரண்டு முனையும் இறுக்கித் திருகியது. காலையில் நேராக இருக்கும். மத்தியானம் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவு தூக்கிக்கொள்ளும். பலகைதான் கோணல் என்று இழைத்தேன். அப்புறம் நடுவில் ஒரு திருகு போட்டேன். மேடு இரண்டாகப் பிரிந்தது. நான்கு நாள் வீண்.

கழற்றிப் பார்த்தபோது, முனைத் துளைகளில் நடுப்பக்க ஓரம் மட்டும் நசுங்கியிருந்தது. குழாய் வெயிலில் நீள்கிறது! 20 டிகிரி சூடு ஏறினால் இந்த நீளத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர். ஒரு முனையை மட்டும் இறுக்கினேன். மற்ற அடித்துளைகளை நீளவாக்கில் 10 மில்லிமீட்டருக்கு அரத்தால் தேய்த்து, வாஷர் போட்டு, திருகைக் கால் சுற்று தளர்த்தினேன். சரியாகிவிட்டது. ஒரு வாரமாக உச்சி வெயிலிலும் நேராகக் கிடக்கிறது, பெரிய நிம்மதி.