துப்பாக்கிக் கடை ஆய்வு: அலமாரியை மட்டும் எண்ணிவிட்டு வராதீர்கள்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைகளை ஆய்வு செய்யும் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது புதியவர்களைப் பழக்குகிறேன். நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. தேதி விடுபட்டது, கையெழுத்து இல்லை என்பதெல்லாம் அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அலமாரியிலிருந்து மட்டும் எண்ணுவது

இன்னமும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். அலமாரியில் இருக்கும் துப்பாக்கியை எடுப்பார்கள், வரிசை எண்ணைக் கடையின் வரவு-விற்பனைப் பதிவேட்டில் தேடுவார்கள், இருக்கும், டிக் போடுவார்கள். 200 துப்பாக்கி, 200 டிக். எல்லாம் சரி என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காணாமல் போன துப்பாக்கி அலமாரியில் எப்படி இருக்கும்? நாம் தேடிப் போனதே அதைத்தானே!

பதிவேட்டிலிருந்தும் எண்ண வேண்டும். வரவு எழுதி, யாருக்குப் போனது என்ற பத்தி காலியாக இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் கடைக்குள் ஒரு துப்பாக்கி இருந்தே ஆக வேண்டும். 'ரிப்பேருக்கு வெளியே கொடுத்திருக்கிறேன்' என்பார்கள். வேறொரு உரிமதாரரிடம் கொடுத்தாலும் அதை எழுதத்தான் வேண்டும். திருடு போனது என்றால், தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் (துப்பாக்கிக் கடைகளுக்கு உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பு) உள்ளூர் போலீசுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

என் இரண்டாம் வருடம், ஒரு சிறிய கடை. அலமாரி முழுக்கப் பார்த்தேன், எல்லாம் பொருந்தியது. நாலு மாதம் கழித்து, வழிப்பறி வழக்கு ஒன்றில் பிடிபட்ட கைத்துப்பாக்கி அந்தக் கடையுடையது என்று தெரிந்தது. வரவு இருந்தது, விற்ற விவரம் இல்லை. நான் புரட்டிய பக்கத்தில்தான் அந்த வரி இருந்தது. 1986-ம் வருடச் சட்டப்படி, வாரண்ட் இல்லாமல் வழக்கமான ஆய்வுக்கு 12 மாதத்தில் ஒரு தடவைதான் போக முடியும். அந்த ஒரு தடவையை நான் வீணாக்கியிருந்தேன்.

2002-ல் வாஷிங்டன் நகரைச் சுற்றி 10 பேரைக் கொன்றவர்களின் ரைஃபிள், டகோமாவில் ஒரு கடையிலிருந்து போனது. விற்றதற்கு எந்தப் பதிவும் இல்லை. அந்தக் கடையில் 238 துப்பாக்கிகளுக்குக் கணக்கில்லை என்பது அப்புறம்தான் வெளியே வந்தது.

வரிசை எண்ணைக் கடைக்காரரை வாசிக்கச் சொல்வது

கூடாது. குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு நீங்களே எடுத்துப் படியுங்கள்.

படிவங்களைத் தனித்தனியாகப் படிப்பது

வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம் தனியாகப் பார்த்தால் ஒழுங்காகவே இருக்கும். அடுக்கி வைத்தால்தான், வேறொருவருக்காகத் தன் பெயரில் வாங்கும் பினாமி தெரிவார்: வேறு வேறு பெயர், ஒரே முகவரி, ஒரே மாடல். ஒருவர் ஐந்து வேலை நாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் கடை அறிக்கை அனுப்ப வேண்டும். இது தெரிந்தவர் ஆறாம் நாள் வருவார். அதனால் வாரக் கணக்கில் பார்க்காதீர்கள், மாதக் கணக்கில் பாருங்கள்.

'அப்புறம் அனுப்புகிறேன்' என்பதை ஏற்பது

பதிவேட்டில் இருந்தும் கடையில் இல்லாத துப்பாக்கிகளின் விவரத்தை அப்புறம் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னால் விடாதீர்கள். அவற்றின் வரிசை எண்களை அன்றே, அங்கேயே எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்.